பழைய மாணவர் ரக டிரம்ஸ்: வாங்கத் தகுமா?

அமெரிக்கப் புறநகர் வீடுகளில், கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையிலோ கூரைக்கடியிலுள்ள பரணிலோ பல்லாண்டு காலம் போர்வைக்குள் கிடந்த டிரம்ஸ் செட் ஒன்று, வீட்டுக்காரர் ஊர் மாறும்போதோ காலமான பிறகோ வெளிவெயிலைக் கண்டு, விலைச்சீட்டோடு வாசலில் நிற்பது சர்வசாதாரணமான காட்சி. அத்தகைய செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை மேதைகள் மேடையில் வாசித்தவை அல்ல. 1960-களிலும் 1970-களிலும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தகப்பனார் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கித் தந்த மலிவுச் சரக்குகள். வாத்திய வியாபாரிகளின் பாஷையில் சொன்னால், மாணவர் ரகம். வாங்கிய காலத்தில் யாரும் பெரிதாக மதிக்காத அந்தச் சரக்கு இன்று 'விண்டேஜ்' என்னும் பட்டத்தைச் சூட்டிக்கொண்டு எதிரே நிற்கும்போது, அதைக் கண்டு ஆசைப்படுகிற ஒருவர் வாங்கலாமா, கூடாதா என்பதே இங்கே விசாரணைக்குரிய விஷயம்.

இவ்விஷயத்தில் வாத்தியக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. அன்று குப்பையாக இருந்தது இன்றும் குப்பைதான், காலம் சென்றதனால் தகரம் தங்கமாகிவிடாது என்பது ஒரு கட்சி. பழைய மரத்துக்கு ஒரு தனி நாதம் உண்டு, இன்றைய தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தள்ளும் மலிவுச் செட்டுகளில் அந்த நாதத்தை எதிர்பார்க்க முடியாது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் தத்தம் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இரண்டு சாட்சியும் பொய்யல்ல. ஆயினும் இருவரும் வயதையே பிரதானமாகக் கொண்டு வழக்காடுவதால்தான் வழக்கு தீராமல் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். மலிவு விலைக்கு ஒரு வாத்தியத்தைச் செய்கிற எந்தத் தொழிலதிபரும் ஏதாவது ஓரிடத்தில் சிக்கனம் பிடித்தே ஆகவேண்டும். ஒருவர் மரத்தில் பிடித்திருப்பார், ஒருவர் உலோகத்தில் பிடித்திருப்பார், ஒருவர் பளபளப்பில் மட்டும் பிடித்திருப்பார். அந்தச் சிக்கனம் எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுகொண்டால், வாங்கலாமா என்ற கேள்விக்கு முக்கால் பங்கு விடை கிடைத்துவிடும்.

இந்த மலிவுச் சந்தை பிறந்த கதையைச் சிறிது சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஒரே ஆள் உட்கார்ந்தபடி காலால் பெரிய பாஸ் டிரம்மையும் கையால் மற்றவற்றையும் வாசிக்கும் முறை பரவுவதற்கு உறுதுணையாக இருந்தது, சிகாகோவில் வில்லியம் லட்விக், தியோபால்டு லட்விக் என்ற சகோதரர்கள் 1909-இல் தொடங்கிய கம்பெனியின் கால்பெடல். அதன் பிறகு நெடுங்காலம் டிரம்மின் முகத்தை மூடியது கன்றுத்தோலே. மழை பெய்தால் தொய்ந்தும் வெயில் அடித்தால் இறுகியும் வாசிப்பவரின் பொறுமையைச் சோதித்த அந்தத் தோலுக்குப் பதிலாக, 1950-களின் பிற்பகுதியில் மைலார் என்னும் பாலியெஸ்டர் தகட்டாலான செயற்கைத் தோல் வந்தது. 1956-இல் சிக் எவான்ஸும் 1957-இல் ரெமோ பெல்லியும் அதை வியாபாரச் சரக்காக்கினார்கள். இதன் விளைவு இசையோடு நின்றுவிடவில்லை. குறிப்பிட்ட அங்குல அளவில் தயாராக வரும் தோலை எந்தக் கம்பெனியின் டிரம்மிலும் மாட்டலாம் என்ற நிலை ஏற்பட்டதால், கைத்தொழில் நுணுக்கம் தெரியாத வீட்டிலும் ஒரு டிரம்ஸ் செட் குடியிருக்க முடிந்தது. இன்று நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய மலிவு செட்டை உயிர்ப்பிக்க முடிகிறதென்றால் அதற்கும் மூலகாரணம் இந்தப் பொது அளவுதான்.

பிறகு 1964 பிப்ரவரி 9-ஆம் தேதி வந்தது. அன்றிரவு எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் தோன்றியதைச் சுமார் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அந்தக் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசித்த பாஸ் டிரம்மின் முன்தோலில் லட்விக் என்ற பெயர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியிருந்தது. ஒரு கம்பெனிக்கு இவ்வளவு பெரிய விளம்பரம், அதுவும் காசு கொடுக்காமல், உலக சரித்திரத்தில் வேறு எப்போதாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். லட்விக் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடிந்திருந்தாலும் அந்த விலைக்கு வாங்கச் சக்தியுள்ள தகப்பன்மார் எத்தனை பேர்? பையனுக்கோ டிரம்ஸ் வேண்டும். வீட்டுக்கோ வரவு செலவு பார்க்க வேண்டும். இந்த இடைவெளியில் நுழைந்தது ஜப்பான்.

காட்சுமி யானகிசாவா என்பவர் டோக்கியோவில் 1946-இல் இசைத்தாள் தாங்கிகள் செய்யத் தொடங்கிய சிறு தொழில், 1950 முதல் டிரம்ஸும் செய்து, பேர்ல் என்ற பெயரில் வளர்ந்தது. நாகோயாவில் 1908-இல் தோன்றிய ஹோஷினோ நிறுவனம் ஸ்டார் என்ற பெயரில் டிரம்ஸ் செய்து, 1974-இல் அந்தப் பெயரை டாமா என்று மாற்றிக்கொண்டது. இவ்விரண்டும் பின்னாளில் உலகின் முதல் வரிசைக்கு வந்தவை என்பது அனைவரும் அறிந்த சங்கதி. ஆனால் 1960-களில் இவர்களும் இவர்களைச் சார்ந்த பட்டறைகளும் அமெரிக்க மொத்த வியாபாரிகளுக்குச் சரக்கு செய்து கொடுக்கும்போது தம் பெயரைப் போடவில்லை. இறக்குமதி செய்தவர் எந்தப் பெயரைக் கேட்டாரோ அந்தப் பெயர் பொறித்த உலோக வில்லையை ஒட்டி அனுப்பினார்கள். ஸ்டூவர்ட், அப்போலோ, வைட்ஹால், ஜிம்-கார் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பெயர்கள் தாங்கிய செட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே அதே மரம், கூட்டின்மேல் திருகாணியைப் பிடிக்கும் அதே லக், அதே திருகாணி. ஆகவே வில்லையிலுள்ள பெயரைக் கொண்டு தரத்தை நிர்ணயிக்க முயல்வது வீண் வேலை. ஒரே பெயரில் நல்லதும் மட்டமும் வந்திருக்கின்றன. ஒரே பட்டறையின் சரக்கு பத்துப் பெயரில் வந்திருக்கிறது.

இனி, சிக்கனம் எங்கே என்ற கேள்வியை ஒவ்வொரு வகையிடமும் கேட்டுப் பார்ப்போம். முதலில் பெரிய கம்பெனிகளே தம் உயர்தரச் செட்டுகளுக்குக் கீழே விற்ற சிக்கன வரிசைகள். லட்விக்கின் கிளப் டேட் டிரம்மில் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் தனித்தனி லக் வைக்காமல், கூட்டின் நடுவிலே ஒரே லக்கை வைத்து இரண்டு பக்கத்துத் திருகாணிகளையும் அதிலே முடுக்கினார்கள், மிச்சமானது உலோகமும் வேலைநேரமும், மரம் பழுதுபடவில்லை. அந்த நடு லக் இன்று பார்ப்பதற்கே ஓர் அழகாகக் கருதப்பட்டு, அதற்காகவே விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது காலத்தின் வேடிக்கை. 1968-இல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் அதே கம்பெனி கொண்டுவந்த வரிசையில் மேலுறையின் வண்ணமும் லக்கின் வார்ப்பும் எளிமைப்பட்டன. அந்த வரிசை சில ஆண்டுகளே நீடித்தது. இவை கிடைத்தால் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை நியாயமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வகையின் மணிமுடி ஒரு முழு செட் அல்ல. ஒரே ஒரு ஸ்நேர் டிரம். அக்ரோலைட் என்று பெயர். பள்ளிக்கூட பாண்டு வாத்தியத்தில் சேரும் பிள்ளைகளுக்கென்று, தூக்கிச் செல்லும் பெட்டியும் குச்சிகளும் சேர்த்து லட்விக் கம்பெனி விற்ற அலுமினிய டிரம் அது. கைக்கு வந்தவுடன் முதலில் வியப்பளிப்பது அதன் எடையின்மை. சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை, கூட்டின் நடுவே விரற்கடை அகலத்தில் ஒரு மேடு வளையமாக ஓடுகிறது, சுற்றிலும் எட்டு லக்குகள். இதே கம்பெனி இதே காலத்தில் தொழில்முறைக் கலைஞர்களுக்கு விற்றதும், எண்ணற்ற இசைத்தட்டுகளில் கேட்பதுமான சுப்ராஃபோனிக் டிரம்மை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், அதிலும் அதே அலுமினியக் கூடு, அதே மேடு. இரண்டு லக்குகளும் ஒரு குரோம் பூச்சும் மாத்திரம் அதிகம். அலுமினியத்தின்மேல் குரோம் நிலைத்து நிற்பதில்லை. பழைய சுப்ராஃபோனிக் பலவற்றில் பூச்சு கொப்பளித்தும் உரிந்தும் கிடக்கக் காண்கிறோம். குரோம் பூசப்படாத மாணவர் டிரம்முக்கு அந்த வியாதி வர வழியில்லை. சிக்கனம் பளபளப்பில் மட்டும் செய்யப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வகை, மேலே சொன்ன ஜப்பானியப் பெயர்மாற்றுச் செட்டுகள். எண்ணிக்கையில் மிகுதியானவை இவையே; ஆசை காட்டுபவையும் இவையே; ஆகவே சற்று விஸ்தாரமாகப் பார்ப்பது நல்லது. இவற்றின் கூடு லூவான் என்னும் மரத்தின் மெல்லிய ஏடுகளை ஒட்டிச் சுருட்டிய ஒட்டுப்பலகை. பிலிப்பைன் மகாகனி என்று வியாபாரத்தில் பெயர் பெற்றிருந்தாலும் அசல் மகாகனிக்கும் இதற்கும் உறவில்லை. உண்மையான உறவு, நம் வீடுகளில் புகை போடும் குங்கிலியம் எந்த மரத்தில் வடிகிறதோ அந்தச் சாலமரத்தின் குடும்பத்தோடுதான். மென்மையான மரம், நகத்தால் கீறினால் பதியும். கூடு மெல்லியதாக இருப்பதால் வட்டம் கெடாமலிருக்க மேலும் கீழும் உள்ளே ஒரு மரவளையம் ஒட்டியிருப்பார்கள். உயர்தரச் செட்டுகளின் மேப்பிள் மரத்தோடு இதை ஒப்பிட்டு இகழ்வது வழக்கமாகிவிட்டது. எனினும் மெல்லிய கூடு, மென்மையான மரம், உள்வளையம், அதிகம் கூர்மையில்லாமல் உருண்டையாகச் சீவிய விளிம்பு ஆகிய இந்த நான்கும் சேரும்போது எழுகின்ற ஒலி, நீண்டு ஒலிக்காமல் கனிவாகத் தொடங்கிச் சட்டென்று அடங்குவது. ஒலிப்பதிவுக்கூடங்களில் இன்று டிரம்மின்மேல் துணி போட்டும் டேப் ஒட்டியும் வருவித்துக்கொள்கிற ஒலிக்கு அது வெகு சமீபமானது. அதைச் செய்தவர்கள் இதை உத்தேசித்துச் செய்யவில்லை. மலிவு மரத்தை மலிவாகச் சுருட்டியதில் தற்செயலாக வாய்த்த குணம். தற்செயலாக வாய்த்தாலும் குணம் குணமே.

இவற்றின் பரிதாபம் முழுவதும் உலோகத்தில் இருக்கிறது. லக்குகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. சற்று அதிகமாக முடுக்கினால் நெளியாமல் நேரே விரிசல் விடும். தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்திச் செய்தவை. ஒரு தடவை கீழே விழுந்தவை ஒருபோதும் சமதளத்தில் படுப்பதில்லை. டாமைத் தாங்கும் தண்டு, பாஸ் டிரம்மின் முதுகில் ஒற்றைத் திருகால் பிடித்து நிற்பது. வாசிக்க வாசிக்க அது தலை குனியும். பாஸ் டிரம் முன்னே நகராமலிருக்க வேண்டிய இரண்டு கால்முட்கள் பென்சில் பருமன். ஒவ்வொரு உதைக்கும் டிரம் ஓர் அங்குலம் ஊர்ந்து, பாட்டு முடிவதற்குள் வாசிப்பவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பெடலையும் ஹை-ஹாட் ஸ்டாண்டையும் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. செட்டோடு வரும் சிம்பல்களோ, நல்ல சிம்பலுக்குரிய வெண்கலம் அல்ல. வெறும் பித்தளைத் தகடு. தட்டினால் தாம்பாளத்தைத் தட்டியதுபோல் இருக்கும்.

இங்கே ஓர் இடைச்செருகல் அவசியமாகிறது. பரணிலிருந்து வரும் செட்டுகளில் சிம்பல்கள் மட்டும் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தவையாக இருப்பதுண்டு. பையன் சற்று முன்னேறியதும் தகப்பனார் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பார். 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கி, 1929-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்த ஜில்ஜியன் குடும்பத்தாரின் முத்திரை, அழுக்குப் படிந்த பழைய சிம்பலின் மேற்பரப்பில் கையால் தடவினால் தட்டுப்படும்படி அழுத்தியிருக்கும். எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கலந்த அந்த வெண்கலம் காலத்தால் கெடுவதில்லை. வெடிப்பு இருந்தால்தான் கேடு. இத்தகைய ஒரு சிம்பல் கிடைத்துவிட்டால் செட் முழுவதன் விலையும் அதிலேயே அடைந்துபோகும்; விற்பவர் அறியாமலிருப்பதும் உண்டு. அறியாதவரிடம் சொல்லிவிட்டு வாங்குவதா, சொல்லாமல் வாங்குவதா என்பது தர்ம சாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வி. வாத்திய சாஸ்திரத்தில் அதற்கு விடை இல்லை.

மூன்றாவது வகையைப் பழையது என்று சொன்னால் நடுவயதுக்காரர்கள் மனம் வருந்துவார்கள். 1982-இல் பேர்ல் கம்பெனி எக்ஸ்போர்ட் என்ற பெயரில் வெளியிட்ட செட்டும், ஏறக்குறைய அதே காலத்து டாமா ஸ்விங்ஸ்டார் செட்டும் இவ்வகையில் சேரும். இப்போது அவற்றுக்கும் நாற்பது வயது கடந்துவிட்டது. இவர்கள் சிக்கனம் பிடித்தது நேர் எதிர்ப்பக்கத்தில்: மரத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ஸ்டாண்டுகளையும் டாம் தாங்கிகளையும் பெடலையும் தொழில்முறைக் கலைஞர் பயன்படுத்தக்கூடிய கனத்தில் கொடுத்தார்கள். எக்ஸ்போர்ட் செட் உலகெங்கும் மிக அதிகமாக விற்ற செட்டுகளில் ஒன்றாக ஆனதன் ரகசியம் இதுவே. கூடு தடிப்பானது, ஒலியில் கனிவு குறைவு, உறுதி அதிகம். எவ்வளவு முடுக்கினாலும் தாங்கும். இரவுதோறும் கழற்றி மாட்டினாலும் தாங்கும். இதில் காதல் கொள்வதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. ஆனால் வேலை செய்யும்.

பிரிட்டிஷ் பிரீமியர் கம்பெனியின் சிக்கன வரிசையான ஒலிம்பிக் முதலியவற்றைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை போதும். அக்கம்பெனியின் 1960-களின் பிற்பகுதிக்கு முற்பட்ட டிரம்கள் பலவற்றின் விட்டம் இன்றைய பொது அளவைவிடச் சற்றே பெரியது. கடையில் கிடைக்கும் பன்னிரண்டு அங்குலத் தோல் அதில் உட்காராது. தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாத வாத்தியமானாலும், தோலுக்காக அலைகிற அலைச்சலையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய மரத்துக்குத் தனி நாதம் உண்டு என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்ளலாம். நன்கு உலர்ந்த பலாமரத்தில் கடைந்த பழைய மிருதங்கக் கட்டையை வித்துவான்கள் உயிர்போல் பாதுகாப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இந்த வாதம் நமக்கு எளிதில் ருசிக்கும். ஆனால் மிருதங்கக் கட்டை ஒரே மரத்தைக் குடைந்தது. டிரம்மின் கூடு, ஏடுகளைப் பசையால் ஒட்டியது. மரம் மேலும் உலர்ந்து இலேசாவது உண்மையாக இருக்கலாம்; அதே காலத்தில் பசையும் உலர்ந்து விட்டுக்கொடுக்கிறது என்பதும் உண்மையே. பரணின் கோடைச் சூட்டிலும் நிலவறையின் ஈரத்திலும் ஐம்பது ஆண்டு இருந்த கூட்டில் ஏடு பிரிந்திருந்தால், அந்த இடத்தில் நாதம் இல்லை, கரகரப்புத்தான் இருக்கிறது. ஆகவே வயது தானாக ஒரு குணத்தையும் சேர்ப்பதில்லை. பழைய மலிவுக் கூட்டில் கேட்கும் கனிவு, செய்த நாளிலேயே அதில் இருந்தது. அன்று மோசமான தோலும் அனுபவமில்லாத கையும் அதை வெளிவர விடவில்லை, அவ்வளவே.

இனிப் பரிசோதனை. விற்பவர் வீட்டில் செட்டைக் கண்டதும் குச்சியை எடுத்து வாசித்துப் பார்க்கத் தோன்றும். அதனால் பிரயோஜனம் குறைவு. இறந்துபோன தோலின் சத்தம்தான் கேட்கும். அனுமதி பெற்று ஒரு டாமின் தோலைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய கூட்டைச் சமையலறையின் கருங்கல் மேடைபோன்ற சமதளத்தில் கவிழ்த்து, உள்ளே ஒரு கைவிளக்கை ஏற்றி வைத்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தால், விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் விளிம்பு தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். மயிரிழை கசிந்தால் பாதகமில்லை. தச்சுவேலை அறிந்தவர் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சரிசெய்துவிடுவார். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டங்களை அளந்து, வேறுபாடு கால் அங்குலத்தை எட்டினால் வட்டம் கெட்டுவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை. பிறகு விரல்மூட்டால் கூட்டைச் சுற்றிலும் தட்டிக்கொண்டு வரவேண்டும்; ஓரிடத்தில் மட்டும் பொத்தென்ற சத்தம் வந்தால், அங்கே ஏடு பிரிந்திருக்கிறது.

மேலுறையை நம்பி ஏமாறுபவர் பலர். மேலுறையைக் கண்டு வீணாக அஞ்சுபவரும் பலர். நீலமின்னல் உறை வெயிலும் வயதும் பட்டுப் பச்சை ஓடியிருக்கும். வெண்முத்து உறை, சிகரெட் புகையுள்ள வீட்டில் இருந்தால் நெய் நிறமாகியிருக்கும். ஒரு லக்கைக் கழற்றிப் பார்த்தால் அதனடியில், வெளிச்சமே காணாத கட்டைவிரல் அளவு இடத்தில், 1966-இன் அசல் நீலம் புத்தம் புதிதாகக் கண்சிமிட்டும். நிறம் மாறுவது குறையல்ல. மேலும் எல்லா டிரம்மும் ஒரேபோல மாறியிருந்தால் அவை ஆதிமுதல் ஒரே செட்டாக இருந்தவை என்பதற்கு அது சாட்சி. உறை சுருங்கி மூட்டுவாயில் பிளந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். பழைய முத்து உறைகள் சில, ஆதிகாலத்துச் சினிமாப் பிலிம் எந்தப் பொருளால் ஆனதோ அதே செல்லுலாய்டு வகை. அவற்றைச் சூடுகாட்டி உரிக்கப் புகுவது தீயோடு விளையாடுவதாகும். லக்குகளின் உள்ளே சிறு வில்கம்பி ஒன்று உண்டு. டிரம்மைக் குலுக்கினால் ஜலதரங்கம் வாசிக்கும். அதற்குள் ஒரு துண்டுக் கம்பளித்துணியைத் திணித்தால் அடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்காக யாரும் விலையைக் குறைக்க வேண்டாம், குறைத்துக் கேட்டுப் பார்ப்பதில் தவறும் இல்லை.

செலவுக் கணக்குக்கு வருவோம். பெயர்மாற்று ஜப்பானியச் செட் ஒன்றை அமெரிக்காவில் பொதுவாக 100 முதல் 300 டாலருக்குள் வாங்கிவிடலாம். பாஸ், டாம், ஃப்ளோர் டாம், ஸ்நேர் ஆகிய நான்குக்கும் இரண்டு பக்கமாக எட்டுத் தோல். புதிதாக வாங்கினால் அதுவே செட்டின் விலையை எட்டிப் பிடிக்கும். அதன்மேல் பெடல், ஹை-ஹாட் ஸ்டாண்டு, சிம்பல் ஸ்டாண்டு, உட்காரும் முக்காலி, சிம்பல்கள். இவற்றையெல்லாம் கூட்டினால், பெட்டியைப் பிரித்த மாத்திரத்தில் வாசிக்கத் தயாராக, சகலமும் அடங்கி வரும் புதிய மாணவர் ரகச் செட்டின் விலையைத் தாண்டிவிடுவது சர்வ நிச்சயம். மலிவு என்ற காரணத்துக்காகப் பழையதை வாங்குகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நல்ல ஸ்நேரும் ஸ்டாண்டும் பெடலும் சிம்பலும் ஏற்கெனவே வீட்டில் உள்ளவருக்கோ இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: அவர் வாங்குவது மூன்று மரக்கூடுகளை மட்டுமே, அந்த விலைக்கு அத்தகைய ஒலி வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே வாங்குபவர் யார் என்பதைக் கேளாமல் வாங்கலாமா என்பதற்கு விடை சொல்வது சரியல்ல. பள்ளிக்கூட பாண்டில் சேர்ந்த பத்து வயதுக் குழந்தைக்கு, நியூ ஜெர்ஸியிலோ டொரண்டோவிலோ வசிக்கும் நம்மவர் ஒருவர் முதல் செட் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஜப்பானியப் பழஞ்செட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டாம் தலைகுனிவதும் பாஸ் டிரம் ஊர்வதும் வாத்தியத்தின் குற்றம் என்று தேர்ந்தவருக்குத் தெரியும். கற்கும் குழந்தையோ அதைத் தன் குற்றம் என்றே நினைத்துக்கொள்ளும். குழந்தையின் உயரத்துக்குத் தக்கபடி ஸ்டாண்டை ஏற்றி இறக்கவும் முடியாது. எட்டாத டாமை எட்டுவதற்காகத் தோளைத் தூக்கி வாசித்த பழக்கம், பிறகு எவ்வளவு நல்ல செட் வந்தாலும் லேசில் போவதில்லை. அவருக்கு உகந்தது பழைய எக்ஸ்போர்ட், அல்லது புதிய செட் ஒன்று. அதோடு ஓர் அக்ரோலைட் ஸ்நேர் கிடைத்தால் உத்தமம். நம்மூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவிலிருந்து மலிவுச் செட்டைக் கப்பலேற்றி வரவழைக்க நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை: கப்பல் கூலியும் சுங்கமும் வாத்தியத்தின் விலையைப் பல மடங்காக்கும், கடற்காற்று அந்த ஏழை உலோகத்துக்கு மிச்சமிருக்கும் பூச்சையும் தின்றுவிடும்.

சிறு மேடைகளில் மெதுவான இசை வாசிப்பவர், வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்பவர், ஏற்கெனவே ஒரு பெரிய செட் வைத்துக்கொண்டு இருபது அங்குல பாஸ் டிரம் உள்ள சிறியதொன்றைக் காரில் போட்டுக்கொண்டு போக விரும்புபவர் ஆகியோரின் சங்கதி வேறு. அவர்களுக்கு நான் கொஞ்சமும் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கையில் திருப்புளி பிடிக்கும் ஆசையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களைச் செலவிடும் பொறுமையும் உள்ளவருக்கு இன்னும் ஒரு லாபம் உண்டு: ஐம்பது ஆண்டு அழுக்கைத் துடைத்து, திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு பாகமாகப் பூட்டும்போது டிரம் என்னும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்ளலாம். விலையுயர்ந்த லட்விக்கில் இந்தப் பாடத்தைப் படிக்க யாருக்கும் மனம் துணியாது.

துளையிடலாமா என்ற தகராறு ஒன்று பாக்கி இருக்கிறது. தலைகுனியும் டாம் தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டில் புதுத் துளை போட்டு நவீனத் தாங்கியைப் பொருத்திவிடுவது பலர் செய்வது. அசலைச் சிதைப்பது மகாபாவம் என்று சேகரிப்பாளர்கள் கோபிக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் டிரம்மைப் பொறுத்தவரை சேகரிப்பாளர் சொல்வதே சரி. ஒரு துளை அதன் விலையைக் கணிசமாகக் குறைத்துவிடும். பெயர்மாற்றுச் செட்டுக்குச் சேகரிப்பு மதிப்பு சொற்பம். அங்கே துளைக்குத் தடை சொல்ல நியாயமில்லை. ஆனாலும் துளையிடுவதற்கு அவசியமே பெரும்பாலும் இல்லை. பன்னிரண்டு அங்குல டாமைச் சாதாரண ஸ்நேர் ஸ்டாண்டு ஒன்றின் மூன்று விரல்களுக்கு நடுவே உட்கார வைத்தால் அழுத்தமாக நிற்கும். வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், வேண்டிய பக்கம் சாய்க்கலாம், பாஸ் டிரம்மின் முதுகுச் சுமையும் இறங்கிவிடும். ஊர்ந்து போகும் பாஸ் டிரம்முக்கு, அடியில் விரித்த கம்பளத்தில் குறுக்கே ஒரு மரச்சட்டத்தைத் திருகிவிட்டால் போதும்.

ஆகையால் விற்பவர், ஸ்டாண்டுகள் தொலைந்துவிட்டன, பெடல் இல்லை, சிம்பல்களை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று வருத்தத்தோடு சொல்லி, மூன்று கூடுகளை மட்டும் எண்பது நூறு டாலருக்குக் காட்டினால், தொலைந்தவற்றுக்காக நாமும் வருந்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, விளிம்பையும் வட்டத்தையும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அதே செட்டை, அசல் ஸ்டாண்டு, அசல் பெடல், அசல் பித்தளைச் சிம்பல் எல்லாம் ஒன்று குறையாமல் பளபளவென்று துடைத்து வைத்து, நானூறு டாலர் என்று சொன்னால், கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதே உசிதம்.